பெரட்டு முடியும்வரை நெருப்பு காத்திருக்கவில்லை

பிள்ளையார் துணை

வெள்ளிமலைத் தோட்டம்,
கீழ் டிவிசன்,
அக்கரப்பத்தனை.

கொழும்பு மாநகரத் தீயணைப்புப் படையில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை ஜீவராணியின் மூத்த மகன், அன்பு மருமகன் கிஷாந்த் அவர்களுக்கு, தாய்மாமன் வீரய்யா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை அம்மாக்கண்ணுவும் லயத்தில் உள்ள மற்றவர்களும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக ‘நலம்’ என்றுதான் எழுதுவேன். இந்தத் தடவை ஏன் ‘உயிரோடு’ என்று எழுதினேன் என்பது போகப் போக விளங்கும். சின்ன வயதில் உங்களை ‘வாடா, போடா’ என்றுதான் கூப்பிட்டேன். இப்போது அரசாங்க உடுப்பு போட்டிருக்கிறீர்கள், ஆகவே ‘நீங்கள்’. உடுப்பைக் கழற்றிவிட்டு வந்தால் பழையபடி பேசிக்கொள்ளலாம்.

கைபேசி இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் அத்தை பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் சொல்வாள். ‘அப்படியா நடந்துச்சு?’ என்று கேட்டுக் கேட்டே என் பேச்சை முடித்துவிடுவாள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் இதைக் கடைக்கார அன்ஸார் முதலாளியின் லொறியில் கொடுத்தனுப்புகிறேன். வேறு யாராவது உங்களுக்கு வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதை இந்த நிமிடமே மறந்துவிடுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதக்கூடியவன் நான் ஒருவன்தான், ஏனென்றால் அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவன் நான்.

போன வருடம் வெயில் காலத்தில் மேல் டிவிசன் லயம் எரிந்தது உங்களுக்குத் தெரியும். ஒரே தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு வீடு. ஒரு வீட்டில் பிடித்தால் கூரை வழியாகவே அடுத்த வீட்டுக்குப் போய்விடும், கதவைத் தட்டிக் கேட்டுக்கொண்டு போவதில்லை. டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வந்தது, பாவம், வராமல் இல்லை. ஆனால் பாலத்து வளைவில் அவ்வளவு பெரிய வண்டி திரும்ப எங்கே இடம்? அது அங்கேயே நின்று சத்தம் போட்டது, இங்கே லயம் எரிந்து முடிந்தது. எங்கள் லயமும் அதே மாதிரிதான், அதே தகரம், அதே பாதை. தண்ணீர் என்று இருப்பது கீழே பள்ளத்தில் விழுகிற பீலி ஒன்றுதான். எங்கள் துரை, அவர் சின்ன வயசுக்காரர், நல்ல மனுசன், தைப்பொங்கல் அன்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஒழுங்கான தீயணைப்புக் குழு ஒன்னு அமைச்சுக் காட்டுங்க. லயத்துக்கு மேல பெரிய தண்ணித் தொட்டி கட்டி, குழாயும் இழுத்துத் தாறேன். சும்மா கட்டித் தந்தா பார்க்க ஆளில்லாம ஒடைஞ்சு போகுது.” வருகிற வாரச் சனிக்கிழமை குழுவைப் பார்க்க வருவதாகவும் சொல்லியிருக்கிறார். ஆக, மாப்பிள்ளை, அன்றைக்குக் குழு நன்றாக இருந்தால் தொட்டி, இல்லாவிட்டால் இன்னொரு வெயில் காலம் சாமியை நம்பிப் படுத்திருக்க வேண்டியதுதான்.

குழு எப்படி அமைப்பது என்று நான் யாரையும் கேட்கவில்லை, ஏனென்றால் போன தீபாவளிக்கு நீங்கள் வந்தபோது எங்கள் வீட்டு முன்திண்ணை இஸ்தோப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னீர்கள். தகவல் வருகிற அறை ஒன்று, அங்கே போன் எடுக்க ஆள். மணி அடித்ததும் புறப்படுகிற முறைக்காரர்கள். தண்ணீர் வண்டி, ஏணி வண்டி, ஆட்களை மீட்கிற சாமான் வண்டி. முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டிக்கொண்டு புகைக்குள் போகிறவர்கள். தெருவுக்கு அடியில் குழாய், அதைத் திறக்கிற சாவி. எல்லாருக்கும் மேலே தலைமை அதிகாரி, அவருக்குக் கீழே துணை அதிகாரி, அவருக்குக் கீழே நிலைய அதிகாரி. இடையில் இன்னொன்றும் சொன்னீர்கள்: வண்டியில் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு வேலை, அதில் உட்கார்ந்தவன் யாரும் சொல்லாமலே அதைச் செய்வான் என்று. அந்த இடத்தில் நான் வெற்றிலை எடுக்க உள்ளே போனதால் அது பாதிக் காதில்தான் விழுந்தது. அதிகாரிகள் பகுதி மட்டும் எனக்கு மனப்பாடம்.

முதலில் தலைமை அதிகாரி. வாழ்நாள் முழுக்கப் பக்டரியில் கொழுந்து காயவைக்கிற அடுப்புக்கு விறகு போட்டவன் நான். நெருப்பின் குணம் என்னைவிடத் தெரிந்தவர் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. ஆகவே அந்தப் பதவிக்கு என் பெயரை நானே முன்மொழிய வேண்டியதாயிற்று. துணை அதிகாரி ஒருவர் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் லயத்தில் மூன்று தொழிற்சங்கம். ஒரு சங்கத்துக்குக் கொடுத்து மற்றதுக்குக் கொடுக்காவிட்டால் நெருப்பு வரும் முன்னரே லயம் பற்றிக்கொள்ளும். ஆகவே துணைத் தலைமை அதிகாரிகள் மூவர், மூவரும் சமம், ஒருவர் மற்றவருக்குக் கட்டளையிட முடியாது. பெரிய ஏணி கோயிலில் இருக்கிறது, அதனால் கோயில் கமிட்டிச் செயலாளர் ஏணி அதிகாரி. கிரிக்கெட் ஹெல்மெட் விளையாட்டுக் கழகத்திடம் இருக்கிறது, அதனால் கழகத் தலைவர் தலைக்கவச அதிகாரி. மருந்தடிக்கிற முதுகு டாங்கி இரண்டு வைத்திருப்பவர் டாங்கி அதிகாரி. நீங்கள் சொன்ன காற்றுச் சிலிண்டரைப் போலவே அதுவும் முதுகில்தான் மாட்டுவது, தூரத்தில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தண்ணீர் வண்டிக்கு அன்ஸார் முதலாளியின் ஆட்டோ, பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஒரு பீப்பாய். இப்படியே போட்டுக்கொண்டு போனதில் கடைசியில் வெறும் தீயணைப்பு வீரர் என்று மிஞ்சியவர் இராமையா ஒருவர்தான். அவரும் கூட்டத்துக்குப் பிந்தி வந்ததால் மிஞ்சினார்.

பெண்களையும் நான் மறக்கவில்லை. தேநீர்ப் பிரிவு என்று தனியாக ஒன்று ஒதுக்கினேன். அப்போது கூட்டத்தின் கடைசியில் நின்ற உங்கள் அத்தை ஒரு கேள்வி கேட்டாள்.

“எல்லாஞ் சரி, தண்ணிய யாரு தூக்குறது?”

“அதெல்லாம் அதிகாரிங்க முடிவு பண்ணுவாங்க,” என்றேன்.

“பீலி எந்தப் பக்கம் இருக்குன்னாவது இவங்கள்ல யாருக்காச்சும் தெரியுமா?” என்றாள். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். கேள்வி ஒழுங்குக்கு மாறானது என்று நான் ஒதுக்கிவிட்டேன்.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். துரை வருவதற்கு முன் ஒத்திகை பார்க்க வேண்டும் அல்லவா? நகரத்தில் வாராவாரம் ஒத்திகை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். மத்தியானத்துக்குப் பிறகு ஆண்களுக்கு மலை வேலை முடிந்துவிடும். பெண்கள் கீழ் ரோட்டுக் கொட்டிலில் கொழுந்து நிறுக்கப் போயிருப்பார்கள், இடைஞ்சல் இல்லை. நெருப்பு இல்லாமல் தீயணைப்பு ஒத்திகை என்றால் அது பெண் இல்லாமல் தாலி கட்டுகிற மாதிரி. ஆகவே எங்கள் வீட்டு வாசலில், கவ்வாத்து வெட்டிய தேயிலை மிளாறு காய்ந்து கிடந்ததை எடுத்து, நானே அடுக்கி, நானே மூட்டினேன். அடுக்கிய அடுக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடியில் காற்றுப் போக வழி, நடுவில் சன்னக் குச்சி, மேலே தடித்தது. ஒரே ஒரு நெருப்புக் குச்சிதான். அப்படி ஒரு நெருப்பை நான் பக்டரியை விட்டு வந்த பிறகு பார்க்கவில்லை. கண் நிறைந்துவிட்டது, பாதி புகையால்.

மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டைத் தட்டினேன். அதிகாரிகள் அனைவரும் வந்துவிட்டார்கள், ஒருவர்கூடப் பிந்தவில்லை. அதை நீங்கள் துரையிடம் தவறாமல் சொல்ல வேண்டும். வந்ததும் பெரட்டு. தோட்டத்தில் பெரட்டில் நின்று பெயர் கூப்பிடாமல் எவன் வேலையில் இறங்குவான்? பெயர் போடாத வேலை செய்யாத வேலைதானே? நம்முடைய பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். எனவே வரிசையாக நிறுத்தி, என் பெயரை நானே கூப்பிட்டு, நானே ‘இருக்கேன்’ சொல்லி, அடுத்துத் துணைத் தலைமை அதிகாரிகளுக்கு வந்தேன். அங்கேதான் சிக்கல். மூன்று சங்கத்தில் எந்தச் சங்கத்துப் பெயரை முதலில் கூப்பிடுவது? மூவரில் ஜெயகாந்தன் தன் சங்கம்தான் பழையது என்றான். இன்னொருவர் தன் சங்கத்தில்தான் ஆள் அதிகம் என்றார். மூன்றாமவர் தன் பெயரை மூன்றாவதாகக் கூப்பிட்டால் சங்கத்துக்கு அறிவிக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். அகர வரிசைப்படி கூப்பிடலாம் என்று நான் ஒரு வழி கண்டுபிடித்து, அதற்கு இரண்டு பேரைச் சம்மதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது காற்று திசை மாறியது.

வாசலில் இருந்த நெருப்பு எங்கள் இஸ்தோப்பில் அடுக்கியிருந்த விறகில் ஏறிவிட்டது. விறகிலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து கூரை மரத்துக்கு. நான் கத்தினேன்: “நெருப்பு! ஐயோ, நெசமான நெருப்பு!”

ஜெயகாந்தன் கை தட்டினான். “அண்ணே, நல்லா நடிக்கிறீங்க. தொண்டையெல்லாம் நடுங்குது பாருங்க,” என்றான். மற்ற அதிகாரிகளும் கை தட்டினார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை. ஒத்திகையில் நெசம் மாதிரியே கத்த வேண்டும் என்று காலையில் உத்தரவு போட்டவன் நான்தான்.

ஒருவழியாக விளங்கியதும் சாமான்கள் களத்தில் இறங்கின. டாங்கி அதிகாரி இரண்டு டாங்கியையும் மாட்டிக்கொண்டு ஓடிவந்து அடித்தார். கலியாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிற அளவுக்கு வந்தது. அதுவும் தண்ணீர் இல்லை, புல் மருந்தாம். நெருப்பு அப்படியே இருக்கிறது, அத்தை வைத்திருந்த லீக்ஸ் பாத்தி முழுக்கச் செத்துவிட்டது. ஏணி கோயில் அறையில், அறைக்குப் பூட்டு, சாவி அதிகாரியின் இன்னொரு காற்சட்டையில். அது வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, ஆனாலும் கொண்டுவந்ததற்காக ஒருதரம் தூக்கி நிறுத்தினார்கள், பக்கத்து வீட்டு டிஷ் அன்டெனா விழுந்தது. அன்ஸார் முதலாளி பீப்பாயோடு பறந்துதான் வந்தார். ஆனால் நமது ரோட்டின் ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்ததில் மிஞ்சியது ஒரு கேத்தல் அளவு. “மன்னிச்சுக்கங்க வீரய்யாண்ணே, பள்ளத்துக்கெல்லாம் தண்ணி காட்டிட்டுத்தான் வாறேன்,” என்றார். நம்முடைய ஒரே தீயணைப்பு வீரர் இராமையா அன்றைக்கு ஹட்டனுக்குக் கண்ணாடி எடுக்கப் போயிருந்தார்.

இதுவரை சிரித்திருப்பீர்கள். நானும் இப்போது எழுதும்போது சிரிக்கிறேன். ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய். எங்களுக்கு அடுத்த வீடு கிருஷாந்தியுடையது. கொழுந்து நிறுக்கப் போகும்போது பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போவாள், அவள் மாமியார் வேலாயி பார்த்துக்கொள்வார். கூரை மரத்தில் நெருப்பு அந்தப் பக்கம் நகர்வதைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பிள்ளை உள்ளே கிடப்பது மட்டும்தான் நினைவில் இருந்தது, மாப்பிள்ளை. அடுப்புக்கு முன்னால் எத்தனை வருடம் நின்றவன், எனக்கு நெருப்பைப் பார்த்து வந்த முதல் பயம் அதுதான். நல்லவேளை, வேலாயி எங்கள் பெரட்டில் இல்லாதவர். பெயர் கூப்பிடக் காத்திராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏற்கனவே மேட்டுக்குப் போயிருந்தார்.

அதற்குள் கீழே கொட்டிலில் புகையைக் கண்ட பெண்கள் கொழுந்தை அப்படியே போட்டுவிட்டு ஏறி வந்தார்கள். உங்கள் அத்தை முன்னால். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. மலையில் கொழுந்து எடுக்கும்போது ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை உண்டு, இவளுக்குப் பக்கத்தில் இவள் என்று வருடக் கணக்காக மாறாது. அதே வரிசையில் பீலியிலிருந்து எங்கள் வீடுவரை நின்றுவிட்டார்கள். குடம் கைமாறிக் கைமாறி மேலே வருகிறது, காலி வாளி கீழே போகிறது. முன்னால் நின்ற சிலர் இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து நனைத்து, கூரை விளிம்பில் அறைந்தார்கள். நாங்கள் அகர வரிசை பேசிய நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, நெருப்பு அணைந்துவிட்டது. போனது ஒரு தூண், விறகு, என் சாய்வு நாற்காலி, அதற்கு மேலே நான் மாட்டியிருந்த ‘தலைமை அலுவலகம்’ பலகை.

அத்தை முகமெல்லாம் கரியோடு என் முன்னால் வந்து நின்றாள். “பெரட்டு முடிஞ்சிருச்சா?” என்று கேட்டாள். “முடிஞ்சிருச்சுன்னா அந்தக் குடத்த எடுத்து உள்ள வைங்க,” என்றாள். அதிகாரிகள் ஆளுக்கொரு குடமாக எடுத்து வைத்தார்கள். பீப்பாயில் மிஞ்சிய தண்ணீரில் தேநீர் போட்டோம். தேநீர்ப் பிரிவு களைத்துப்போய் உட்கார்ந்திருந்ததால் நானே போட்டேன்.

இதிலிருந்து நான் கண்டறிந்தது என்ன? அமைப்பில் பிழை இல்லை. அதிகாரிகள் போதாது, அவ்வளவுதான். பெரட்டு எடுக்க ஒரு தனி அதிகாரி, காற்றைக் கவனிக்க ஓர் அதிகாரி, ஒத்திகையா நெசமா என்று அறிவிக்க ஓர் அதிகாரி, இந்த மூன்றையும் சேர்த்தால் குறை தீர்ந்துவிடும். ஆகவே, மாப்பிள்ளை, என் வேண்டுகோள் இதுதான். வருகிற வாரச் சனிக்கிழமை நீங்கள் முழு உடுப்போடு, தொப்பி, பெல்ட், சப்பாத்து எல்லாம் போட்டு, என் வலது பக்கம் நிற்க வேண்டும். துரை கேட்டால், நகரத்தில் இருப்பது போலவே முறைப்படி அமைந்த படை இது என்று இங்கிலீசில் ஒரு வார்த்தை, துரையோடு வருகிற மலை உத்தியோகத்தர் கண்டாக்கையாவுக்கு விளங்கும்படி சிங்களத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். புதன்கிழமையைப் பற்றித் துரைக்கு ஒன்றும் தெரியாது. லயத்தில் எல்லாரும் வாய் திறப்பதில்லை என்று மாரியம்மன் மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன். தொட்டி வர வேண்டும், மாப்பிள்ளை. தொட்டிலில் கிடந்த அந்தப் பிள்ளைக்காகவாவது வர வேண்டும். உங்கள் உடுப்பை நம்பித்தான் இருக்கிறேன்.

தங்கை ஜீவராணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள், மூட்டு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஏறும் ஏணி சறுக்காமலும், பிடிக்கும் குழாய் வற்றாமலும், போகும் இடத்தில் எல்லாம் நெருப்பு உங்களைக் கண்டதும் அடங்கியும் போக, நம் பெரட்டுக்களத்து மாரியம்மன் துணை நிற்பாள்.

இப்படிக்கு,
உங்கள் தாய்மாமன்
க. வீரய்யா
தலைமைத் தீயணைப்பு அதிகாரி, கீழ் டிவிசன்

பின்குறிப்பு: அன்ஸார் முதலாளியின் லொறி ஒரு நாள் பிந்தியதால் இதையும் சேர்க்கிறேன். மேலே எழுதியதில் பெரும்பகுதி இப்போது செல்லாது. துரை புதன்கிழமை மேல் ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு முதல் மணியிலிருந்து கடைசிக் குடம்வரை எல்லாவற்றையும் பார்த்தாராம். ஓடிவரத்தான் இறங்கினாராம், பாதி வழியில் வந்தபோது வேலை முடிந்திருந்ததாம். இன்று காலை வந்து, “யாருங்க தலைவர்?” என்று கேட்டார். நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய் அத்தை முன்னால் நின்று, “தொட்டிய எந்த எடத்துல கட்டலாம்?” என்றார். அவள் ஏற்கனவே யோசித்து வைத்திருந்தவள் மாதிரி, கையை நீட்டி மேட்டைக் காட்டினாள். திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது. ஆகவே உடுப்பு வேண்டாம். அதே சனிக்கிழமை பழைய சாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வாருங்கள், மண் வெட்ட ஆள் போதாது. வந்ததும் நாம் ‘வாடா, போடா’வுக்குத் திரும்பிவிடலாம்.

அத்தை இந்தக் கடிதத்தையும் எடுத்துப் படித்துவிட்டாள். கையெழுத்துக்குக் கீழே இருக்கும் பதவியை அடிக்கச் சொன்னாள், காகிதம் அசிங்கமாகும் என்று விட்டுவிட்டேன், நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். புதுக் குழுவில் அதிகாரி என்று யாரும் இல்லை, பெயர் கூப்பிடுவதும் இல்லை. பீலியிலிருந்து லயம்வரை வீட்டுக்கு ஒரு இடம், அவ்வளவுதான். மூன்று சங்கமும் நிரையில் கலந்து நிற்கிறது, யார் முதல் என்று கேட்க நேரம் கிடைப்பதில்லை. எனக்குக் கடைசி இடம், நெருப்புக்கு ஆகப் பக்கத்தில். ஏன் என்று கேட்டேன். “மூட்டத் தெரிஞ்ச மனுசன் கிட்டவே நிக்கட்டும். அதோட குணந் தெரிஞ்ச ஆளு வேற யாரு இருக்கா?” என்றாள். திட்டினாளா, மதித்தாளா என்று இன்னும் தெரியவில்லை. சாயங்காலம் ஒத்திகை நடந்தது, நெருப்பு இல்லாமல். தண்டவாளத் துண்டு அடித்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன், மாப்பிள்ளை. யாரும் என் பெயரைக் கூப்பிடவில்லை, நான் போய் என் இடத்தில் நின்றுவிட்டேன்.